பைசல்ஃபைட்டு படித்துக் காட்டிய குறிகள்

1948இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ரோலின் ஹாட்ச்கிஸ் கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வைச் சிதைத்து, அதன் பகுதிகளைத் தாளில் பிரித்துப் பார்த்தார். சைட்டோசினை ஒட்டி, அதுவரை கணக்கில் இல்லாத ஒரு மங்கலான தடம் தெரிந்தது. எபிசைட்டோசின் என்று தற்காலிகமாகப் பெயரிட்டார். அது 5-மெத்தில்சைட்டோசின்தான் என்பதை ஜெரார்ட் வயட் 1950இல் உறுதிசெய்தார். சைட்டோசினில் ஒட்டிக்கொண்ட ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும், அவ்வளவுதான். எதற்காக ஒட்டியிருக்கிறது என்பது மட்டும் கால் நூற்றாண்டு விளங்கவில்லை.

1975இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஆர்தர் ரிக்ஸும், லண்டனிலிருந்து ராபின் ஹாலிடேயும் ஜான் பியூவும் தனித்தனியே ஒரே விளக்கத்தை முன்வைத்தார்கள். கல்லீரல் செல்லுக்கும் நரம்புச் செல்லுக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான், எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதை இந்த மெத்தில் குறி தீர்மானிக்கலாம். செல் பிரியும்போது பழைய இழையின் குறியைப் பார்த்து, ஒரு நொதி புதிய இழையிலும் அதையே இடலாம். துணிச்சலான கருத்து. சோதிக்கத்தான் வழியில்லை. டி.என்.ஏ.வைப் பாக்டீரியாவில் வைத்துப் பெருக்கினால் குறி அழிந்துவிடும். எஞ்சுவது புள்ளியிடாத ஓலைச்சுவடி: எழுத்து கண்ணுக்குத் தெரியும், மெய்யா உயிர்மெய்யா என்பது தெரியாது.

இத்துறையின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகப் படிப்பதே சரி. ஒவ்வொரு தலைமுறையும் தன் கருவி காட்டிய அளவையே கண்டது.

முதலில் வந்தவை வெட்டு நொதிகள். சி.சி.ஜி.ஜி. என்ற வரிசையை எம்எஸ்பி-1 எப்படியும் வெட்டும். உள்ளிருக்கும் சைட்டோசினில் மெத்தில் இருந்தால் ஹெச்பா-2 வெட்டாது. 1978இல் வால்வைக்கும் ஃபிளேவலும் இந்த இணையைக் கொண்டு முயலின் குளோபின் மரபணுவை ஆராய்ந்தார்கள். 1983இல் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும் மனிதப் புற்றுத் திசுக்களில் சில மரபணுக்கள் குறிகளை இழந்திருப்பதைக் காட்டியதும் இத்தகைய நொதிகளால்தான். ஆனால் அந்தக் குறிப்பிட்ட வரிசைகளுக்கு வெளியே எல்லாம் இருட்டு.

வெளிச்சம் 1992இல் சிட்னியிலிருந்து வந்தது. ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டின் நெருங்கிய உறவு பைசல்ஃபைட்டு. அது சைட்டோசினை யுராசிலாக மாற்றும் என்பதை ஜப்பானில் ஹிகோயா ஹயாட்சுவும் நியூயார்க்கில் ராபர்ட் ஷபிரோவும் 1970இலேயே கண்டிருந்தனர். மெத்தில் ஏறிய சைட்டோசின் இந்த மாற்றத்துக்கு எளிதில் இணங்காது. மரியான் ஃப்ரோமரின் குழு இதையே படிக்கும் முறையாக்கியது. இழைகளைப் பிரித்து, பைசல்ஃபைட்டில் மணிக்கணக்கில் ஊறவைத்து, பி.சி.ஆரில் பெருக்கினார்கள். சாதாரண சைட்டோசின் இருந்த இடமெல்லாம் தைமினாகப் படிக்கப்பட்டது. சைட்டோசினாகவே நின்ற இடம் மெத்தில் ஏறிய இடம். கரைசலில் டி.என்.ஏ. பெருமளவு சிதைந்துபோகும் என்றாலும், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியே கேட்க முடிந்தது. இருபதாம் நூற்றாண்டு உயிரியலின் மிக அழகான வேதியியல் உத்திகளுள் இதற்கு இடமுண்டு.

ஒரு மரபணுவிலிருந்து மொத்த மரபணுத்தொகைக்குப் போக மேலும் 16 ஆண்டுகள் பிடித்தன. பைசல்ஃபைட்டுக்குப் பின் நான்கெழுத்து மொழி ஏறக்குறைய மூன்றெழுத்தாகிவிடுவதால், கோடிக்கணக்கான துணுக்குகளில் எது எங்கே பொருந்தும் என்று கணினிக்கே திகைப்பு. 2008இல் அராபிடாப்சிஸ் செடி முழுதாகப் படிக்கப்பட்டது. 2009இல் சால்க் நிறுவனத்தில் ஜோசப் எக்கரின் குழு இருவகை மனிதச் செல்களின் முழு வரைபடத்தை வெளியிட்டது. சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்களில்தான் பாலூட்டிகளில் மெத்தில் அமரும் என்பது அதுவரையிலான பாடம். கருமூலச் செல்களிலோ ஏறக்குறைய கால்பங்கு வேறு இடங்களில் இருந்தது.

அதே 2009இல் ஒரு சங்கடமும் வெளிப்பட்டது. மூளையிலும் மூலச் செல்களிலும் ஹைட்ராக்சிமெத்தில்சைட்டோசின் இருப்பது தெரியவந்தது. பைசல்ஃபைட்டுக்கு இதுவும் மெத்தில்சைட்டோசினும் ஒன்றுதான். பிரித்தறிய வேறு முறைகள் தேவைப்பட்டன.

தேர்ந்தெடுத்த இடங்களின் மெத்திலை மட்டும் அளக்கும் மலிவான சில்லுகள் வந்தபின் ஆய்வுகள் பெருகின. ஸ்டீவ் ஹோர்வத் 2013இல் 353 இடங்களைக் கொண்டு வயதைக் கணித்த கடிகாரம் உலகப் புகழ்பெற்றது. அந்த 353உம் மனித மரபணுத்தொகையின் ஏறக்குறைய 2.8 கோடி சைட்டோசின்-குவானின் இடங்களிலிருந்து பொறுக்கப்பட்டவை அல்ல. சில்லுகளில் பொதுவாக இருந்த சுமார் 21,000 இடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. கடிகாரத்தைப் பற்றிய பேச்சில் இது அடிக்கடி விடுபட்டுப்போகிறது.

இப்போது நானோதுளைக் கருவி, இழை துளைவழியே நழுவும்போது மாறும் மின்னோட்டத்தைக் கொண்டே மெத்திலை அடையாளம் காண்கிறது, பைசல்ஃபைட்டு வேண்டாம். 2022இல் முழுமையான மனித மரபணுத்தொகை வெளிவந்தபோது, திரும்பத் திரும்ப ஒரே வரிசை வருவதால் எவராலும் படிக்க முடியாதிருந்த குரோமோசோம் நடுப்பகுதிகளுக்கும் இவ்வாறே குறிகள் வரையப்பட்டன. மெத்தில் அடர்ந்த அப்பகுதிகளின் நடுவே அளவு திடீரெனச் சரியும் பள்ளம் ஒன்று தெரிந்தது. செல் பிரியும்போது குரோமோசோமைப் பற்றி இழுக்கும் புரத அமைப்பு அமர்வது அங்கேதான்.