மலைநாடும் மகா யுத்தங்களில் மாண்டோரும்

கண்டிக்குப் போகும் நம் இளைஞர்கள் கட்டுக்கலைப் பிள்ளையாரை வணங்கி, வாவிக்கரையில் உலாவி, பேராதனைப் பூந்தோட்டத்தில் ஒரு பொழுதைக் கழித்துப் பூண்டுலோயாவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதே நகரில், தேவனி ராஜசிங்க மாவத்தையில், புற்றரை நடுவே ஏறக்குறைய 200 சமாதிகள் வரிசையாக இருப்பதைக் கண்டவர் மிகச் சிலரே. இரண்டாவது மகா யுத்த காலத்தில் இறந்த பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர், கனேடியர் முதலியோர் அங்கே துயில்கின்றனர். அதிகாரியென்றும் சிப்பாயென்றும், வெள்ளையரென்றும் கறுப்பரென்றும் கல்லிலே பேதம் காட்டலாகாது என்பது 1917இல் தோன்றிய யுத்த சமாதி ஆணைக்குழுவின் கொள்கை. நல்ல கொள்கைதான். அது எல்லா இடத்திலும் ஒரேவிதமாக நடந்ததா என்பதே நாம் இங்கு கவனிக்க விரும்புவது.

நமது மலைகளிலிருந்து யுத்தத்துக்குப் போய்ச் சரித்திரத்தில் இடம்பெற்றவர்கள் துரைமார். 1900இல், தென்னாபிரிக்க போயர் யுத்தம் நடந்த காலத்தில், தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை என்ற ஒன்று அமைக்கப்பட்டது. ஐரோப்பியர் மட்டுமே அதிற் சேரலாம். கங்காணியின் மகனுக்கோ கணக்கப்பிள்ளைக்கோ அங்கு இடமில்லை. 1914 அக்டோபரில் அப்படையினர் 230 பேருக்கு மேல் எகிப்துக்குக் கப்பலேறினர். பின்னர் கலிப்பொலிப் போர்முனையில் ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்காவலராகவும் சேவை செய்தனர். அந்த யுத்தத்தில் ஏறக்குறைய 80 பேர் மாண்டனர். துரைமார்தானே என்று நாம் அலட்சியம் செய்ய வேண்டியதில்லை. பிள்ளையை இழந்து அழுத தாய் ஸ்கொத்லாந்திலும் தாய்தான்.

ஆனால் நம்மவர் கதை வேறு. கங்காணிமார் நம் பாட்டன்மாரைத் தோட்டத்துக்குத் திரட்டிய அதே தமிழ்ச் சீமையில், பட்டாளத்துக்கும் ஆள் திரட்டினார்கள். அண்ணன் மண்டபம் முகாம் வழியாக மலைக்கு வந்தால், தம்பி பட்டாளத்துக்குப் போயிருப்பான். மதராஸ் சாப்பர்ஸ் என்னும் படையினர் முதலாம் மகா யுத்தத்தில் மெசப்பொத்தேமியா வரை போய்ப் பாலம் கட்டினார்கள்; பாதை வெட்டினார்கள்; மாண்டார்கள். அந்தப் போர்முனையில் சமாதியின்றி இறந்தவர்களுக்காக 1929இல் பஸ்ரா நகரில் ஒரு ஞாபகச் சின்னம் திறக்கப்பட்டது. 40,000 பேருக்கு மேல் நினைவுகூரும் சின்னம் அது. அதிலே பிரித்தானியர் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கோ பெயர் இல்லை. இன்ன படையில் இத்தனை பேர் என்ற தொகை மட்டுமே! செக்ரோலில் ஆள் கணக்கு எழுதுவதைக் கண்டு பழகிய நமக்கு இது விளங்காமற் போகாது. இப்படி 45,000 முதல் 54,000 வரையான ஆசிய, ஆபிரிக்க வீரர்கள் சமத்துவமின்றி நினைவுகூரப்பட்டனர் என்று அந்த ஆணைக்குழு நியமித்த விசாரணைக் குழுவே 2021இல் வெளியிட்டது. ஆணைக்குழுவும் மன்னிப்புக் கேட்டது.

இரண்டாவது மகா யுத்தத்தில் மதராஸ் ரெஜிமெண்ட் பர்மாவில் போர்புரிந்தது. ரங்கூனுக்கு அருகே தவுக்கியானில் எழுந்த பெரிய ஞாபகச் சின்னத்தில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் உள்ளன. அங்கேயே, தத்தம் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கெனத் தனியாகவும் ஒரு சின்னம் உண்டு. சமாதி இல்லாத இந்துவுக்குப் பெயர்தானே மிச்சம்!

எதிர்ப்பக்கம் நின்று மாண்ட தமிழரையும் சொல்லாமல் விடலாகாது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து, நம்மைப் போன்ற தொழிலாளர் ஏராளமானோர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். மாண்டவர்களுக்காகச் சிங்கப்பூரில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய சின்னம், இரண்டு மாதத்துக்குள் தகர்க்கப்பட்டது. கட்டளையிட்டவர் மவுண்ட்பேட்டன், 1944 முதல் நம் பேராதனையில் தலைமையகம் வைத்திருந்தவர். ஐம்பது ஆண்டுகளின் பின், 1995இல், அந்த இடத்தில் ஒரு நினைவுக் கல் வைக்கப்பட்டது.

அவ்யுத்த காலத்தில் நம் மலைகள் சும்மா இருக்கவில்லை. 1942இல் பர்மா அரிசி நின்றது. கூப்பன் அரிசியும் கோதுமை மாவும் உண்டு நம் தாய்மார் பறித்த கொழுந்தைப் பிரித்தானிய உணவு அமைச்சு மொத்தமாக வாங்கிற்று. யுத்தம் முடிந்து மூன்றே ஆண்டில், 1948ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தத்தின் பின் கப்பலேறிய குடும்பங்களோடு எத்தனை பட்டாளக் கடிதங்களும் பதக்கங்களும் போயிருக்கும்!

காலம் கடந்துவிட்டதே என்று பெரியோர் சிலர் சொல்லக்கூடும். பிரான்சில் காயமுற்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகர வைத்தியசாலைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர் 53 பேர் அந்நகரையடுத்த குன்றிலே தகனம் செய்யப்பட்டனர். அவ்விடத்தில் 1921இல் சத்ரி என்ற வெண்சலவைக்கல் மண்டபம் திறக்கப்பட்டது. அவர்களுடைய பெயர்கள் அங்கே கல்லில் ஏறியது 2010இல். இடையே சென்றவை ஏறக்குறைய 90 ஆண்டுகள்.

ஆகவே டன்சினன், ஹரோ, சீன் முதலிய தோட்டங்களிலுள்ள பெரியோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்திலிருந்தோ, ஊரிலுள்ள பங்காளி வீட்டிலிருந்தோ எந்த யுத்தத்துக்காவது போய்த் திரும்பாதவர் பெயர் தெரிந்தால் சங்க வாலிபரிடம் சொல்லுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் பதக்கமோ, பென்ஷன் கடதாசியோ கிடந்தால் எடுத்துக் காட்டுங்கள். அதிலுள்ள படை எண்ணைப் பிரதி செய்துகொண்டு உடனே திருப்பித் தருவார்கள். வாலிபர்களே, கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு மகாளய அமாவாசைக்கு முன் ஒவ்வொரு லயமாகப் போய் வாருங்கள். கிடைக்கும் பெயர்களை அன்று கோவிலில் எள்ளும் நீரும் இறைக்கும்போது வாசிப்போம். அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுவோம்.