தட்டம்மையும் குழந்தைகளின் காசநோயும்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கமானாலும், கீழே பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடியில் உள்ள நம் குடும்பங்களானாலும், குழந்தைக்குத் தட்டம்மை (மணல்வாரி) கண்டு, தடிப்பு மறைந்ததும் நோய் போய்விட்டது என்றே நினைக்கிறோம்.

வியன்னா மருத்துவர் பிர்கே 1908-ல் ஒன்றைக் கவனித்தார். காசநோய்க் கிருமி உடம்பில் உள்ளவர்களுக்குச் சோதனை மருந்து வைத்தால் தோல் தடிக்கும். தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு அந்தத் தடிப்பு வரவில்லை. கிருமி அப்படியேதான் இருந்தது. அதை அடக்கி வைத்திருந்த எதிர்ப்பு சக்திதான் படுத்துவிட்டது. தட்டம்மை வைரஸ் எதிர்ப்பு சக்தியின் அணுக்களையே தாக்குகிறது. அந்தப் பலவீனம் தடிப்பு மறைந்த பின்னும் நீடிக்கும். டி.பி. தலைதூக்குமோ என்று மருத்துவர்கள் அஞ்சுவது இதனால்தான்.

பி.சி.ஜி. போட்டாயிற்றே என்பார்கள். சிறு குழந்தைகளை மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து அது காக்கும். ஆனால் 1968-ல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. குழந்தைக்குத் தொற்றுவதோ பெரும்பாலும் வீட்டுப் பெரியவரின் இருமலிலிருந்துதான்.

தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2017 முகாமின்போது வாட்ஸ்அப் வதந்தியை நம்பி மறுத்தவர்களும் உண்டு. மார்க்கத்தில் அதற்கு ஆதாரமில்லை. மருத்துவம் செய்துகொள்வது சுன்னத்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ இருந்தால், எடை ஏறாவிட்டால், அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சிறு பிள்ளைக்குச் சளியைத் துப்பத் தெரியாது. அதற்கு வேறு சோதனைகள் உண்டு. வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்றால், நோயில்லாத குழந்தைக்கும் தடுப்பு மாத்திரை இலவசம். கேட்டு வாங்குங்கள்.