செங்காந்தள் விதையும் டியூபுலின் வாலும்

மூலனூர் பக்கம் கண்வலிக் கிழங்கு எனப்படும் செங்காந்தளைப் பயிரிடுவோர், காலையில் பூப்பூவாகப் போய் மகரந்தத்தைக் கையாலேயே சூல்முடியில் தொட்டு வைப்பார்கள். அதில் விளையும் விதைகள் வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்குப் போய், கௌட் மூட்டுவாதத்துக்கான கோல்சிசின் ஆகின்றன.

ஐரோப்பாவில் இதே மருந்தைத் தந்தது கோல்சிக்கம் என்ற செடி. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஹுசோன் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி ரகசிய மருந்துநீர் விற்றுப் பெயர் வாங்கினார். பலரும் அதன் சூத்திரத்தைத் துருவினார்கள். உள்ளே இருப்பது கோல்சிக்கம்தான் என்று 1814-ல் லண்டன் மருத்துவர் ஜான் வான்ட் அறிவித்தார்.

1967-ல் சிகாகோவில் ஆய்வாளர்கள் போரிஸியும் டெய்லரும் கோல்சிசினில் கதிரியக்கத்தை ஏற்றி, செல்லுக்குள் அது எதைப் பற்றுகிறது என்று தேடினார்கள். சிக்கிய புரதம்தான் டியூபுலின். செல்லின் நுண்குழல்கள் இதனால் ஆனவை. ஸ்ரீ சிட்டியிலிருந்து சென்னைக்கு ஓடும் சரக்கு லாரிகளைப்போல, அவற்றின்மேல் மோட்டார் புரதங்கள் சுமையோடு நகர்கின்றன.

ஆல்ஃபா, பீட்டா என இரு பகுதிகள் கொண்ட டியூபுலினிலிருந்து எதிர்மின்னேற்றம் கொண்ட வால்கள் வெளியே நீண்டிருக்கும். ஓயாமல் ஆடுவதால், 1998-ல் வெளியான டியூபுலின் கட்டமைப்புப் படத்திலும் அவை தெரியவில்லை. ஆனால் 1973-லேயே அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் தடயம் கிடைத்திருந்தது. எலி மூளைச் சாற்றில், புரதம் உருவாகத் தேவையான ஆர்என்ஏவை அழித்த பிறகும், டைரோசின் என்ற அமினோ அமிலம் ஏதோ ஒரு புரதத்தில் போய் ஒட்டியது. ஒட்டிய இடம் ஆல்ஃபா டியூபுலினின் வால் நுனி!

1983-ல் எல் நினோவால் கலிஃபோர்னியக் கரைக்குக் கணவாய்கள் வரவில்லை. மோட்டார் புரதங்களைத் தேட அவற்றின் தடித்த நரம்பை நம்பியிருந்த ஆய்வாளர்கள் ரொனால்ட் வேலும் மைக்கேல் ஷீட்ஸும் நாட்டின் எதிர்க்கரையிலுள்ள உட்ஸ் ஹோலுக்குப் போனார்கள். அங்கே நடந்த ஆய்வில் 1985-ல் கைனசின் என்ற மோட்டார் அகப்பட்டது.

அதே ஆண்டு பாபதாரக் பட்டாச்சார்யாவும் அமெரிக்க சகாக்களும் சப்டிலிசின் நொதியால் வால்களை நறுக்கினார்கள். வால் போனதும் டியூபுலின்கள் எளிதாகக் கோத்துக்கொண்டன. கோல்சிசின் பிணைப்பையும் ஆல்ஃபா வால் ஒழுங்குபடுத்துகிறது என்று 1990-ல் அவரது கொல்கத்தா போஸ் நிறுவனக் குழு காட்டியது.

2014-ல் வேலின் ஆய்வகத்தில், பின்னர் பெங்களூரு இன்ஸ்டெம் ஆய்வு நிறுவனத்துக்கு வந்த மின்ஹாஜுதீன் சிராஜுதீன் ஈஸ்ட்டின் உதவியால் வெவ்வேறு வால்கள் கொண்ட டியூபுலின்களை உருவாக்கினார். வால் மாறியதும் மோட்டார்களின் வேகமும் அவை கடக்கும் தூரமும் மாறின. ஆல்ஃபா வாலில் டைரோசின் நீங்கினால் கைனசின்-2 என்ற வகையின் ஓட்டம் மாறுகிறது. கைனசின்-1 வகையை பீட்டா வாலில் சேரும் குளுட்டமேட் சங்கிலி நெறிப்படுத்துகிறது.

அந்த டைரோசினை வெட்டியெடுக்கும் நொதி 2017-ல்தான் அடையாளம் தெரிந்தது. அது வாசோஹிபின்: ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் புரதமாக வேறொரு துறையினர் பல ஆண்டுகளாக அறிந்திருந்ததே!