நடுங்கிய நிலமும் நின்ற சுவரும்: இந்தியாவில் நிலநடுக்க அறிவின் வளர்ச்சி, 1819–2001

முன்னுரை

நிலநடுக்கம் பிறக்கும் ஆழம் எவர் கண்ணுக்கும் எட்டாதது. அதிர்வு நீடிப்பதோ பெரும்பாலும் சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள். எனவே கருவிகள் வருமுன் இத்துறைக்குக் கிடைத்த சான்றுகள் பெரும்பாலும் அதில் சிக்கித் தப்பிய மக்களின் சொற்களும், அது நிலத்தில் விட்டுச்சென்ற தடங்களுமே. எந்தத் திசையில் விழுந்தார்கள், எந்தச் சுவர் முதலில் சரிந்தது, மணல் எங்கே பொங்கியது என்ற விவரங்களிலிருந்தே அறிவியல் தொடங்கியது. 1819 முதல் 2001 வரை இந்தியத் துணைக்கண்டத்தைத் தாக்கிய முக்கிய நிலநடுக்கங்கள் சிலவற்றைக் கொண்டு, அந்தச் சாட்சியங்கள் எவ்வாறு அறிவாயின, அந்த அறிவு மக்கள் குடியிருக்கும் வீட்டை எவ்வளவு எட்டியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நிலம் ஏன் நடுங்குகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்த வேகம், சுவரை எப்படி எழுப்புவது என்பதைச் செயலாக்குவதில் இல்லை என்பதே இதன் மையக் கருத்து.

கட்ச், 1819: உயர்ந்த நிலம்

1819 ஜூன் 16 அன்று கட்ச் பகுதி நடுங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெகு தொலைவில் இருந்த அகமதாபாத் ஜாமா மசூதியின் மினார்களின் மேற்பகுதி இடிந்து விழுந்தது. ரண் சமவெளியில் சிந்திரி கோட்டையைச் சுற்றிய நிலம் தாழ்ந்து நீரில் மூழ்கியது. அதற்கு வடக்கே, 80 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு நிலம் மேடாக எழுந்து நின்றது. அந்த மேட்டை மக்கள் ‘அல்லா பந்த்’ என்று அழைத்தனர்.

புவியியலாளர் சார்லஸ் லயல் இந்தச் செய்தியைத் தம் நூலில் விரிவாகப் பயன்படுத்தினார். நிலநடுக்கத்தோடு நிலப்பரப்பே உயரவும் தாழவும் கூடும் என்பதற்கு எழுத்தில் பதிவான தெளிவான சான்றாக அது அமைந்தது. ஆனால் நிலம் பிளந்ததால் நடுக்கம் வந்ததா, நடுக்கம் வந்ததால் நிலம் பிளந்ததா என்பது அப்போது தீராத கேள்வி. எரிமலை வெப்பமும் நிலத்தடி வெடிப்புமே காரணம் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. 1891 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பின், பிளவுப் பெயர்ச்சியே காரணம், அதிர்வு அதன் விளைவு என்று புஞ்ஜிரோ கோட்டோ வாதிட்டார். 1906 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஹாரி ரீட் அதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். பிளவின் இருபுறப் பாறைகளும் நெடுங்காலம் வளைக்கப்பட்ட மூங்கிலைப் போல விசையைச் சேர்த்துவைக்கின்றன. உராய்வு தாங்காத கணத்தில் அவை வழுக்கி நிமிர்கின்றன. அப்போது விடுபடும் ஆற்றலே அலைகளாகப் பரவுகிறது.

அசாம், 1897: சாட்சியம் அறிவியலாதல்

1897 ஜூன் 12 மாலை ஐந்தேகால் மணியளவில் ஷில்லாங் மேட்டுநிலம் குலுங்கியது. ஷில்லாங் நகரின் கல், செங்கல் கட்டடங்கள் ஏறத்தாழ அனைத்தும் தரைமட்டமாயின. அளவு 8-ஐ எட்டிய அந்நடுக்கத்தில் இறந்தோர் சுமார் 1,500 பேர். பலர் வீட்டுக்கு வெளியே இருந்த மாலை வேளை என்பதால் இழப்பு இந்த அளவோடு நின்றது. இதே நடுக்கம் நள்ளிரவில் வந்திருந்தால் எண்ணிக்கை பல மடங்காகியிருக்கும்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம் இதை ஆராய்ந்தார். இந்திய நிலநடுக்கங்களைப் பட்டியலிடும் பணியை அவருடைய தந்தை தாமஸ் ஓல்டாம் முன்பே தொடங்கியிருந்தார். அதை முடித்து வெளியிட்டவர் மகன். பல ஊர்களிலிருந்து வந்த எழுத்துச் சாட்சியங்களைத் திரட்டி, பாதிப்பின் கடுமைக்கேற்பக் கோடுகள் வரைந்தார் அவர். பதிந்திருந்த குழியின் விளிம்பைத் தொடாமலே பாறைகள் மேலே எறியப்பட்டிருந்தன. அந்த இடங்களில் நில அதிர்வின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தையும் விஞ்சியது என்பதை இது காட்டியது. சேத்ராங் ஆற்றோரப் பிளவில் நிலம் சுமார் 35 அடி வரை செங்குத்தாகப் பெயர்ந்திருந்ததையும் அவர் அளந்தார். 1899-இல் அவரது அறிக்கை வெளிவந்தது.

ஐரோப்பியக் கருவிகளில் இந்த நடுக்கம் விட்ட பதிவுகளையும் பிற நிலநடுக்கப் பதிவுகளையும் ஒப்பிட்டு, 1900-இல் மூவகை அலைகளை ஓல்டாம் பிரித்துக் காட்டினார். முதலில் வருவது அமுக்கி விரிக்கும் முதன்மை அலை. மேலோட்டுப் பாறையில் அது நொடிக்கு சுமார் 6 கிலோமீட்டர் ஓடும். அடுத்து, பக்கவாட்டில் உலுக்கும் இரண்டாம் அலை நொடிக்கு சுமார் மூன்றரை கிலோமீட்டர் வேகத்தில் வரும். கடைசியாக மேற்பரப்பு அலைகள். முதலில் ஓர் உறுமல், பிறகு ஒரு தூக்கிப்போடல், அதன்பின் நிற்கவிடாத ஆட்டம் என்று தப்பியவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த வரிசைக்கு இதில் காரணம் கிடைத்தது. மையத்துக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு இந்த இடைவெளியே தெரியாது. தொலைவு கூடக்கூட அது நீளும். 1906-இல் இதே அலைகளைக் கொண்டு புவிக்குள் தனியானதொரு கருவம் உண்டென்று ஓல்டாம் நிறுவினார்.

இந்தியாவிலும் கருவிகள் வந்தன. 1898-இல் கல்கத்தா அலிப்பூரிலும் பம்பாய் கொலாபாவிலும், 1899-இல் கொடைக்கானல் வானாய்வகத்திலும் மில்ன் வகை நிலநடுக்கப் பதிவுக் கருவிகள் இயங்கத் தொடங்கின.

பீகார், 1934: காரணம் பற்றிய பெருவிவாதம்

1934 ஜனவரி 15 பிற்பகலில் பீகாரும் நேபாளமும் அதிர்ந்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். முங்கேர் நகரம் சிதைந்தது. சீதாமரி, மதுபனி வட்டாரங்களில் நிலம் பிளந்து நீரும் மணலும் பீச்சியடித்து வயல்களை மூடின. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளப் பட்டையில் கட்டடங்கள் இடிந்து விழாமல் சாய்ந்தும் மண்ணுக்குள் புதைந்தும் போயின. நீர் ஊறிய வண்டல் மணல் அதிர்வில் உறுதியிழந்து குழம்பாகிவிடுவதே இதற்குக் காரணம். 1964-இல் நீகாட்டா, அலாஸ்கா நிலநடுக்கங்களுக்குப் பிறகே இது பொறியியல் ஆய்வில் முழுக் கவனம் பெற்றது.

அந்நேரம் காந்தி தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் தென்னிந்தியாவில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசியபோது, பீகார் அழிவைத் தீண்டாமைப் பாவத்துக்கான இறைத் தண்டனையாகக் கண்டார். தீண்டாமையை எதிர்ப்பதில் தாகூரும் உறுதியானவரே. ஆயினும் இயற்கை நிகழ்வுக்கு அறக்காரணம் கற்பிப்பதை அவர் கடுமையாக மறுத்தெழுதினார். அந்த மறுப்பைக் காந்தி தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே தம் பதிலுடன் வெளியிட்டார். இடிபாடுகளுக்கு நடுவே மக்கள் மனத்தில் எழும் ‘ஏன் எங்களுக்கு’ என்ற கேள்விக்குப் பாறையியல் தரும் விடை போதாது என்பதை இவ்விவாதம் உணர்த்துகிறது. ஆனால் பாவத்தைக் காரணமாக்கினால் சுவரைப் பற்றிய கேள்வி எழாமலே போகும் ஆபத்து உண்டு. அந்த வகையில் தாகூரின் மறுப்பு இன்றும் தேவைப்படுகிறது.

குவெட்டா, 1935: நின்ற சுவர்

சுவரைப் பற்றிய கேள்விக்கு அடுத்த ஆண்டே விடை கிடைத்தது. பலுசிஸ்தானில் 1931 நிலநடுக்கத்துக்குப் பின், இளம் ரயில்வே பொறியாளர் எஸ். எல். குமார் பக்கவாட்டு அதிர்வைத் தாங்கும்படி குவெட்டாவில் ரயில்வே குடியிருப்புகளை வடிவமைத்தார். 1933-இல் நிலநடுக்க வரைபடம் ஒன்றையும் வெளியிட்டார். 1935 மே 31 அதிகாலை, உறங்கிக்கொண்டிருந்த குவெட்டா இடிந்து முப்பதாயிரம் பேர் அளவில் மடிந்தபோது அவர் வடிவமைத்த குடியிருப்புகள் நின்றன. இம்முறை அன்றே பரவலாகியிருந்தால் பின்வந்த துயரங்கள் பல குறைந்திருக்கும். நாடு முழுமைக்குமான வடிவமைப்பு விதியான ஐ.எஸ். 1893 வெளிவந்தது 1962-இல்.

தட்டுகளும் வரைபடங்களும்

1960-களில் கண்டத்தட்டுக் கோட்பாடு நிலைபெற்றதும் இந்த நிகழ்வுகள் ஒரே சரட்டில் கோக்கப்பட்டன. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதிய இந்தியத் தட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வீதம் இன்னும் வடக்கே நகர்கிறது. அதில் 2 சென்டிமீட்டர் அளவை இமயம் ஏற்று இறுகுகிறது. பீகார் நடுக்கம் இமயத்தடிப் பிளவின் விளைவு. தட்டின் உட்பகுதியிலும் அழுத்தம் சேர்ந்து பழைய பிளவுகளை அசைக்கும்.

தக்காணம் அசையாத நிலம் என்ற நம்பிக்கையை 1967-இல் மகாராட்டிரத்தின் கொய்னா நிலநடுக்கம் அசைத்தது. அங்கே நீர்த்தேக்கம் நிரம்பிய பின் நடுக்கங்கள் தொடர்ந்தன. 1993 செப்டம்பர் 30 அதிகாலை அதே மாநிலத்தின் கில்லாரி நிலநடுக்கம் அந்நம்பிக்கையைத் தகர்த்தது. அளவு 6.2 தான், மாண்டோர் பத்தாயிரத்தை நெருங்கினர். அப்பகுதி நாட்டின் நிலநடுக்க ஆபத்து வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் இருந்தது. வீடுகள் மண்சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவர்களால் ஆனவை. வெயிலைத் தடுக்க மரச்சட்டத்தின் மீது மண்ணைக் குவித்த கூரைகள். சுவர் விலகியதும் அந்தப் பாரம் முழுவதும் உறங்கியவர்கள் மேல் இறங்கியது. 1992-இலேயே அவ்வூர் மக்கள் சிறு அதிர்வுகளை உணர்ந்திருந்தனர். ஓல்டாம் காலத்தில் மக்களின் சொல் ஆய்வின் அடித்தளமாக இருந்தது. இங்கே அதே சொல் காப்பு நடவடிக்கையாக மாறவில்லை.

2001 ஜனவரி 26 அன்று மீண்டும் கட்ச். இம்முறை அப்பகுதி வரைபடத்தின் உச்ச ஆபத்து மண்டலத்தில்தான் இருந்தது. அப்படியிருந்தும் இருபதாயிரம் பேர் அளவில் இறந்தனர். 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில், தரைத்தளத்தை வாகனம் நிறுத்தத் திறந்துவிட்டுத் தூண்களின் மேல் நின்ற அடுக்குமாடிகள் பல சரிந்தன. கில்லாரியில் வரைபடம் தவறியது. கட்சில் வரைபடம் சரியாக இருந்தும் கட்டடம் தவறியது.

முடிவுரை

2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக் கடற்பகுதியில் எழுந்த நடுக்கத்தைச் சென்னை உணர்ந்தது. 2002-இல் திருத்தப்பட்ட வரைபடம் முதல் மண்டலத்தையே நீக்கி, சென்னையை மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. நிலநடுக்கம் வரும் நாளையும் மணியையும் முன்கூட்டிச் சொல்லும் வழி இன்றும் இல்லை. எங்கே வரக்கூடும், எது விழும், எது நிற்கும் என்பவை தெரியும். லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை, மூலைகளில் செங்குத்துக் கம்பி, திறந்த தரைத்தளத்துக்கு வலுவான தூணும் சுவரும், கனம் குறைந்த கூரை ஆகியவை எந்தக் கொத்தனாரும் கற்றுக்கொள்ளக்கூடியவை. உள்ளாட்சி அனுமதி கொடுக்கும் மேசையிலும், மேஸ்திரி சாந்து கலக்கும் இடத்திலும் இவை கட்டாயமாக வேண்டும். இருநூறு ஆண்டுகளாக மக்கள் தம் உயிரைக் கொடுத்து வளர்த்த அறிவு இது. அது மக்களின் வீடுகளைக் காக்கும் வரை இந்த வரலாற்றை வெற்றிக் கதை என்று எழுத முடியாது.