ஒளிவாளும் பிசிறு வெட்டுற கத்தரியும்

தம்பியும் கூட்டாளிகளும் பனியன் துணி சுத்தி வர்ற அட்டைக் குழாயை வச்சு வாள் சண்டை எடுத்துட்டு வந்து, "ஸ்டார் வார்ஸ் மாதிரி மின்னணும்ணா"ன்னானுங்க. ஒரு நிமிஷப் படம்தான். நொடிக்கு 25 ஃப்ரேம்னா 1500 படம் வரையணும்!

1977ல வந்த படத்துக்கு அவங்களும் முதல்ல வாள்ல ஒளியைத் திருப்புற டேப் ஒட்டிச் சுழலவிட்டுப் பார்த்தாங்க. பத்தலை. அப்புறம் ஃப்ரேம் ஃப்ரேமா கையால வரைஞ்சுதான் ஒளி ஏத்தினாங்க. இந்த ரோட்டோஸ்கோப்புக்கு மேக்ஸ் ஃப்ளைஷர் காப்புரிமை வாங்கினது 1917ல.

40 ஃப்ரேம்லயே எனக்குக் கண்ணு போச்சு. பைத்தான்ல ஸ்கிரிப்ட் எழுதினேன். அஞ்சு ஃப்ரேமுக்கு ஒருக்கா வாளோட பிடியையும் நுனியையும் நான் குறிச்சாப் போதும். நடுவுல உள்ளதை அதுவே கணக்குப் போட்டு, கோட்டை மங்கலாக்கி, படத்துமேல ஏத்திரும். வேகமா வீசுற இடத்துல கோடு விலகும், அங்க மட்டும் கைவேலை.

பின்னாடி நின்னு பார்த்த அம்மா, "நாங்க பிசிறு வெட்டுறாப்லயே இருக்குது"ன்னாங்க. செக்கிங் டேபிள்ல பீஸ் ரேட்டுக்கு 15 வருஷம் நின்னவங்க.

லைஃப் ஆஃப் பை படத்துக்கு வேலை செஞ்ச ரிதம் அண்ட் ஹ்யூஸுக்கு மும்பை, ஹைதராபாத்துல கிளைகள் இருந்துச்சு. 2013 பிப்ரவரியில படம் கிராஃபிக்ஸுக்கு ஆஸ்கர் வாங்குச்சு. அதே மாசம் கம்பெனி திவால் மனு போட்டுச்சு.

அதைச் சொன்னதும் அம்மா கேட்டாங்க: "அப்ப வரைஞ்சவங்க எல்லாம் எங்க போனாங்க சாமி?"

என் ஸ்கிரிப்டுல அதுக்குப் பதில் இல்லீங்க.