காணாமற்போனோரின் குடும்பங்களும் அவர்களுக்கென வந்த அலுவலகமும்

போரில் ஆளைத் தொலைத்த குடும்பத்துக்கு என்ன உதவி வேண்டும் என்பதை அந்தக் குடும்பத்திடமே கேட்க வேண்டும் என்ற கோரிக்கையை இலங்கையின் வடக்கில் முதலில் எழுப்பியவர்கள் தாய்மார். 1984இல் யாழ்ப்பாணத்தில் உருவான அன்னையர் முன்னணி, படையினர் பிடித்துச்சென்ற பிள்ளைகளைத் தேடிக் கச்சேரிக்கு ஊர்வலமாகச் சென்றது. அவர்கள் நிவாரணம் கேட்டுப் போகவில்லை. பிள்ளை எங்கே என்று கேட்டுப் போனார்கள். பின்னாளில் அரசு வகுத்த திட்டங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போயின.

யாழ்ப்பாணத்தின் தீவகத்தில் இழப்பு அத்திட்டங்களுக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990 ஆகஸ்டில் இராணுவம் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதிகளுக்குள் நுழைந்தபோது இளைஞர் பலர் காணாமற்போயினர். அடுத்த ஆண்டுக்குள் தீவுகள் படையினரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. புங்குடுதீவின் மடத்துவெளி போன்ற ஊர்களிலிருந்து குடும்பங்கள் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் வெளிநாடுகளுக்கும் சிதறின. ஊரில் எஞ்சிய வீடுகள் பலவற்றைப் பெண்களே நடத்தினர்.

இக்காலத்தில் ஆதரவு அரசிடமிருந்து வரவில்லை. ராஜினி திராணகம உள்ளிட்ட பெண்கள் 1980களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கான பூரணி இல்லத்தைத் தொடங்கினர். 1987இல் தொடங்கிய சாந்திகம் அமைப்பு உளவளத்துணையை ஊர்ப் பணியாளர் வழியாகக் கொண்டுசென்றது. போருக்குப் பின் ‘விழுது’ அமைப்பின் முயற்சியில் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் ‘அமரா’ என்ற பெயரில் அணிதிரண்டு, தமக்கான தேவைகளைத் தாமே முன்வைத்தன.

அரசின் போக்கை ஒரு சான்றிதழை வைத்தே அளந்துவிடலாம். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. வங்கிக் கணக்கு, காணி, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அது தேவைப்பட்டதால் அலுவலகக் கண்ணில் அது உதவிதான். தேடிக்கொண்டிருக்கும் தாய்க்கோ, மகன் இறந்துவிட்டான் என்று தானே கையொப்பமிட்டு ஒப்புக்கொள்வது. பலர் வறுமையிலும் அதை வாங்க மறுத்தனர். 2016இல்தான் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல் ஆள் காணப்படவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் வந்தது. அதைக் காட்டி நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆறு ஆண்டுகள் தாமதமானாலும், குடும்பங்களின் பிடிவாதம் ஒரு சேவையின் வடிவத்தையே மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

அதே ஆண்டில் மக்களின் கருத்தைக் கேட்க மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் பதினொருவர் கொண்ட ஆலோசனைச் செயலணி அமைந்தது. பிரதேச மட்டச் செயலணிகள் ஊர் ஊராக அமர்வுகள் நடத்தி 7,306 சமர்ப்பிப்புகளைத் திரட்டின. ஆனால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமூலம், அமர்வுகள் முடியுமுன்பே வரையப்பட்டு 2016 ஆகஸ்டில் நிறைவேறியது. செயலணியின் இறுதி அறிக்கை கையளிக்கப்பட்டதோ 2017 ஜனவரியில். கட்டி முடித்த வீட்டுக்கு வரைபடம் கேட்டதுபோல் இது ஆகிவிட்டது.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கி, குடும்பம் ஒன்றுக்கு மாதம் 6,000 ரூபா இடைக்கால உதவியைப் பரிந்துரைத்தது. 2019 வரவுசெலவுத் திட்டம் அதற்காக 500 மில்லியன் ரூபா ஒதுக்கியது. 2019 ஆகஸ்டில் யாழ்ப்பாணக் கிளை திறக்கப்பட்டபோது எதிர்த்து நின்றவர்களும் அந்தக் குடும்பத்தவரே. 2022 மார்ச்சில் ஒரு லட்சம் ரூபா ஒருமுறைக் கொடுப்பனவுக்கு அமைச்சரவை அனுமதி அளித்தபோது, உறவினர் சங்கங்கள் பணத்தை மறுத்துத் தகவலைக் கேட்டன.