ஒரு நகரத்தின் பசியாற்றிய இரும்புக்கல்

1/ போன வாரம் எங்கள் மருத்துவமனை ஊழியர்கள் எல்லாரும் குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போய் சமைத்துச் சாப்பிடலாம் என்று முடிவானது. 40 பேர். ஒரு பெரிய கல் வாங்கி திறந்தவெளியில் போட்டு அங்கேயே சுடச்சுடப் போடுவது என்று திட்டம்.

2/ டிரைவர் அண்ணன் என்னிடம் வந்து, "சார், எந்தக் கல்லு வாங்கலாம்? மெல்லிசா இருந்தா தூக்க ஈஸி, விலையும் கம்மி"ன்னு கேட்டார். அவருக்கு நான் பதிலாகச் சொன்னது ஒரு வரலாறு. அதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கல் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

3/ கதை நடக்கும் ஊர் ஜப்பானின் ஹிரோஷிமா. அந்தப் பேரைச் சொன்னதும் நமக்கெல்லாம் அணுகுண்டு ஞாபகம் வரும். ஜப்பானியர்களிடம் சொன்னால் கூடவே இன்னொன்றும் ஞாபகம் வரும்: ஒகொனொமியாகி. சூடான இரும்புத் தகட்டின் மேல் மாவை ஊற்றி, கோஸை மலை போலக் குவித்துச் சுடும் ஒரு பண்டம். ஒகொனொமி என்றால் "உங்கள் விருப்பப்படி". யாகி என்றால் "சுட்டது". அந்த இரும்புத் தகட்டுக்குப் பெயர் தெப்பான். நம்ம ஊர் பரோட்டா கல்லின் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4/ போருக்கு முன்பு இது முழுச் சாப்பாடே கிடையாது. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு மிட்டாய்க் கடைகளில் விற்ற ஒரு தின்பண்டம்தான் இதன் மூதாதை. கோதுமை மாவை மெல்லிசாக ஊற்றி, கொஞ்சம் வெங்காயத்தாளும் மீன் தூளும் தூவி, பாதியாக மடித்துத் தருவார்கள். அதன் பெயர் "இஸ்ஸென் யோஷொகு". அதாவது "ஒரு சென் மேல்நாட்டு உணவு". சென் என்பது யென்னில் நூறில் ஒரு பங்கு. நம்ம ஊர்ல "காலணா முட்டாய்"னு சொன்ன மாதிரி.

5/ 1945 ஆகஸ்ட் 6, காலை 8:15. ஹிரோஷிமா மீது குண்டு விழுந்தது. ஊரில் அன்று ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் சுமார் 1,40,000 பேர் இறந்துபோனார்கள். நகரின் மருத்துவர்களிலும் செவிலியர்களிலும் பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். ஒரு மருத்துவனாக இந்த வரியை என்னால் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை.

6/ அங்கே தொலைத்தொடர்புத் துறை மருத்துவமனையின் இயக்குநராக இருந்தவர் மிச்சிஹிகோ ஹச்சியா. அவருக்கே உடம்பெல்லாம் காயம். ஆனாலும் அன்றிலிருந்து செப்டம்பர் இறுதி வரை நாட்குறிப்பு எழுதினார். நோயாளிகளுக்கு வாந்தியும் ரத்தம் கலந்த பேதியும் வந்தபோது, அவர்கள் முதலில் சந்தேகப்பட்டது தொற்று வயிற்றுப்போக்கை. தனி வார்டே ஒதுக்கினார்கள்.

7/ பிறகு மைக்ரோஸ்கோப் கிடைத்து ரத்தத்தைப் பார்த்தபோதுதான் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருப்பது தெரிந்தது. அது தொற்று இல்லை, கதிர்வீச்சு. கண்முன் இருந்த அறிகுறி ஒன்று, உண்மையான காரணம் வேறொன்று. இந்த இடத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லைப் பற்றிப் பேசும்போது இங்கே திரும்ப வருவேன்.

8/ குண்டில் தப்பியவர்களுக்கு அடுத்த எதிரி பசி. செப்டம்பர் 17 அன்று மகுராசாகி புயல் வந்தது. ஹிரோஷிமா மாகாணத்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்டோர் பலி. அந்த ஆண்டு ஜப்பான் முழுக்க நெல் விளைச்சல் படுமோசம். கொரியா, தைவானிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றுபோனது. ரேஷனில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கணக்கு ஏறத்தாழ 300 கிராம். அதுவும் பல நாள் தாமதமாக வரும். அரிசிக்குப் பதில் கிழங்கு வரும்.

9/ பசி எவ்வளவு கொடுமை என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். யமகுச்சி யோஷிதாதா என்று டோக்கியோவில் ஒரு நீதிபதி. கள்ளச்சந்தையில் உணவு வாங்கியவர்களின் வழக்குகளை விசாரித்தவர். "தண்டனை கொடுக்கும் நானே கள்ளச்சந்தை அரிசி சாப்பிடக் கூடாது" என்ற முடிவில் ரேஷனை மட்டுமே நம்பி வாழ்ந்தார். 1947 அக்டோபரில் ஊட்டச்சத்துக் குறைபாட்டால் இறந்தார். வயது 33. என் வயதுதான். நீதிபதிக்கே இந்த நிலை என்றால், வீடும் கணவனும் போய் பிள்ளைகளோடு நின்ற பெண்ணின் நிலை?

10/ இந்த இடத்தில்தான் இரும்புக்கல் கதைக்குள் வருகிறது. அரிசி இல்லை. ஆனால் அமெரிக்க உதவியாகக் கோதுமை மாவு வரத் தொடங்கியது. மாவு இருந்தாலும் பாத்திரம் பண்டம் எல்லாம் எரிந்துபோன ஊர் அது. ரொட்டி சுட அடுப்புக்கு எங்கே போவது?

11/ ஆனால் இரும்பு இருந்தது. ஹிரோஷிமாவும் பக்கத்து ஊரான குரேயும் கப்பல் கட்டும் ஊர்கள். தகடு கிடைப்பது கஷ்டமில்லை என்கிறார்கள். ஒரு தகட்டைக் கொண்டுவந்து, கீழே நெருப்பைப் போட்டு, பிள்ளைகளாக இருந்தபோது சாப்பிட்ட அந்த ஒரு சென் பண்டத்தையே திரும்பச் சுட ஆரம்பித்தார்கள். இந்த முறை தின்பண்டமாக இல்லை, வேளைச் சாப்பாடாக.

12/ மாவு கொஞ்சம்தான் இருக்கு, ஆனா வயிறு நிறையணும். என்ன பண்றது? கோஸ். விலை குறைவு, அளவு அதிகம். மெல்லிய மாவின் மேல் கோஸைக் குவித்தார்கள். பிறகு முளைகட்டிய பயறு, கிடைத்தால் ரெண்டு துண்டு இறைச்சி, ஒரு முட்டை. 1950களில் நூடுல்ஸும் சேர்ந்தது. ஒசாகாவில் எல்லாவற்றையும் மாவோடு கலந்துவிடுவார்கள். ஹிரோஷிமாவில் அடுக்கு அடுக்காகத்தான் வைப்பார்கள். இன்றும் அப்படித்தான்.

13/ இந்தக் கடைகளை நடத்தியவர்களில் நிறைய பேர் பெண்கள். போரிலும் குண்டிலும் கணவனை இழந்தவர்கள். வீட்டு முன்பகுதியில் கல்லைப் போட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வியாபாரம். நம்ம தெருமுனையில் இட்லிக்கடை போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த அக்காக்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதே உழைப்பு.

14/ ஹிரோஷிமாவின் பழைய கடைகள் பலவற்றின் பெயர் "சான்" என்று முடியும். பெயரோடு "குட்டி", "கண்ணு" சேர்த்துச் செல்லமாகக் கூப்பிடுவோமே, அது மாதிரி. ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்பதற்கு அந்த ஊரில் ஒரு விளக்கம் சொல்வார்கள். காணாமல் போன கணவனோ பிள்ளையோ என்றாவது இந்தத் தெரு வழியே வந்தால், வீட்டில் கூப்பிடும் அந்தப் பெயரைப் பார்த்து அடையாளம் கண்டு உள்ளே வரட்டும் என்று. இதைப் படித்த அன்று டியூட்டி ரூமில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

15/ நகரின் நடுவே ஷின்தெஞ்சி என்ற திடலில் இரவானால் தள்ளுவண்டிக் கடைகள் வரிசையாக நிற்கும். 1950ல் அங்கே தொடங்கிய ஒரு வண்டிக்கடை பின்னாளில் "மித்சான்" என்று பெரிய பெயர் எடுத்தது. அது அந்த வீட்டுப் பையன் மித்சுவோவின் செல்லப்பெயர். 1965ல் திடலைப் பூங்காவாக மாற்றியபோது வண்டிகள் அகற்றப்பட்டன. கடைக்காரர்கள் கலைந்து போகாமல் ஒரே கூரைக்குள் கூடினார்கள். அதுதான் ஒகொனொமிமுரா, "ஒகொனொமி கிராமம்". இப்போது பல மாடிக் கட்டடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கடைகள்.

16/ குழம்புச் சாறுக்கும் ஒரு கதை உண்டு. 1922ல் தொடங்கி, குண்டில் தொழிற்சாலை எரிந்துபோன ஒடாஃபுகு நிறுவனம் 1950ல் சாஸ் தயாரிக்க ஆரம்பித்தது. தண்ணியான சாஸ் பண்டத்தில் நிற்காமல் வழிந்து சூடான கல்லில் விழுந்து ஆவியாகிவிடுகிறது என்று கடைக்காரர்கள் குறை சொன்னார்கள். அதைக் கேட்டு 1952ல் கெட்டியான சாஸ் கொண்டுவந்தார்கள். கல்லைச் சுற்றி ஒரு ஊரின் தொழிலே வளர்ந்திருக்கிறது பாருங்கள்.

17/ இன்றும் ஹிரோஷிமாவில் கல்லின் ஓரமாகவே மேஜை இருக்கும். தட்டில் வாங்காமல், கல்லிலிருந்தே சின்னக் கரண்டியால் வெட்டிச் சாப்பிடலாம். சமைப்பவர் அந்தப் பக்கம், சாப்பிடுபவர் இந்தப் பக்கம், நடுவில் ஒரே கல். தனியாக உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒருவர் இருப்பார். எல்லாம் இழந்த ஊருக்கு அந்தத் துணையும் ஒரு மருந்துதான் என்பது என் எண்ணம்.

18/ சரி, டிரைவர் அண்ணன் கேள்விக்கு வருவோம். மெல்லிசா, கனமா? குளிர்ந்த கோஸ் மலையை மெல்லிய தகட்டில் கொட்டினால் சூடு பொசுக்கென்று இறங்கிவிடும். பண்டம் வேகாது, அவியும். கனமான இரும்பு சூட்டைச் சேமித்து வைக்கும். 40 பேருக்குத் தொடர்ந்து போட அதுதான் சரி. 3 அடிக்கு 2 அடி இரும்புக்கல் 3 மி.மீ. கனத்தில் சுமார் 13 கிலோ, 6 மி.மீ. என்றால் 26 கிலோ, 12 மி.மீ. என்றால் 52 கிலோ. கடையில் நிலையாக வைக்க 12. ரெண்டு பேர் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும் என்றால் 6. நான் 6 என்றேன்.

19/ இன்னும் சில விஷயங்கள்:
பர்னர் நடுவில் மட்டும் இல்லாமல் நீளவாக்கில் ரெண்டு மூன்று இருக்கட்டும். ஒரு பக்கம் அதிக சூடு, மறுபக்கம் மிதமான சூடு. வெந்ததை மிதமான பக்கம் நகர்த்தலாம்.
திறந்தவெளியில் காற்று சூட்டைத் திருடும். மூன்று பக்கமாவது தகரத் தடுப்பு வையுங்கள். கேஸ் என்றால் சிலிண்டர் மட்டும் தடுப்புக்கு வெளியே, தள்ளி இருக்கட்டும்.
தரை சமமாக இருக்கணும். இல்லையென்றால் எண்ணெய் ஒரே மூலையில் தேங்கி நெருப்பில் வழியும்.
புதுக்கல்லைப் பழக்காமல் எடுத்துப் போகாதீர்கள். நன்றாகச் சூடாக்கி, மெல்லிசாக எண்ணெய் தடவி, புகை அடங்கும் வரை காய விட்டு, இதையே நாலைந்து முறை செய்யுங்கள்.

20/ டாக்டராக ரெண்டு வார்த்தை. பச்சை இறைச்சிக்கு ஒரு கரண்டி, வெந்ததற்கு வேறு கரண்டி. கோழிக்கறி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொடணும். நடுவில் வெட்டிப் பாருங்கள், இளஞ்சிவப்பு இருந்தால் திரும்பக் கல்லில் போடுங்கள். சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே ஆற வைக்காதீர்கள். கல்லின் அழகே சுட்டதும் சாப்பிடுவதுதான்.

21/ இப்போது ஹச்சியா கதைக்குத் திரும்புகிறேன். திடீரென மழை வரும். கல்லையும் கரி அடுப்பையும் அப்படியே தூக்கி ஷெட்டுக்குள்ளோ டென்ட்டுக்குள்ளோ வைத்துவிடுவோம். மலைக்குப் போனால் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று ராத்திரி தணலை அறைக்குள் வைத்துவிடுவோம். தயவுசெய்து செய்யாதீர்கள். மூடிய இடத்தில் எரியும் கரி கார்பன் மோனாக்ஸைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

22/ அதன் முதல் அறிகுறிகள் தலைவலி, தலைசுற்றல், வாந்தி. ஒன்றாகச் சாப்பிட்ட பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் வாந்தியும் வந்தால் எல்லாரும் என்ன சொல்வார்கள்? "சாப்பாடு ஒத்துக்கல, படுத்தா சரியாயிடும்." அதே அறையில் படுப்பார்கள். எழுந்திருக்க மாட்டார்கள். அறிகுறி ஒன்று, காரணம் வேறொன்று. அப்படி நடந்தால் உடனே எல்லாரையும் திறந்த காற்றுக்குக் கொண்டுவந்து 108ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் "கரி எரிஞ்சுது"ன்னு மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் உயிரைக் காப்பாற்றும்.

23/ கல் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். அதைச் சுற்றி யார் யார் நிற்கப் போகிறார்கள் என்று யோசித்து வாங்குங்கள். ஹிரோஷிமாவில் அரிசி, பாத்திரம், வீடு எதுவும் மிச்சமில்லாதபோது ஒரு தகடும் கொஞ்சம் மாவும் போதுமாக இருந்தது, மனிதர்களை மறுபடியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க.

24/ எங்கள் கல் வரும் ஞாயிறு வருகிறது. பழக்கும் வேலை என் தலையில். ஒகொனொமியாகி முயற்சி செய்யப்போகிறேன் என்றதும் டிரைவர் அண்ணன், "அதெல்லாம் ஒரு ஓரமா போட்டுக்கங்க சார், எங்களுக்கு முட்டை பரோட்டா போதும்" என்றுவிட்டார். அதுவும் சரிதான். ஒகொனொமி என்றாலே "உங்கள் விருப்பப்படி"தானே!